பிறை தெரிந்த அந்தி

கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் வருடம் அது. நோன்பு இருபத்தொன்பது முடிந்த அந்தி. பிறை தெரிந்தால் மறுநாளே பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. வீட்டு ஆண்கள் காயலோரம் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுக்களையில் நின்று, மேகம் கலையக்கூடாதே என்று பயந்துகொண்டிருந்தேன். பெருநாளன்று எர்ணாகுளத்துச் சொந்தம் மொத்தமும் படகேறிச் சாப்பிட வரும். நெய்ச்சோறும் கறியும் போக, பலகாரம் அத்தனையும் புது மருமகள் கைப்படச் செய்யவேண்டும். நான் மாவுகூட இடிக்கவில்லை.

பிறை தெரிந்துவிட்டதென்று பள்ளிவாசலில் தக்பீர் முழங்கியதும் அரிசியை உரலில் கொட்டப் போனேன். பக்கத்தில் நின்ற மாமியார் என் கையைப் பிடித்தார்.

"கல்யாணமான நாள்லேருந்து இந்தச் சத்தம் கேட்டா எனக்கும் பயம்தான் மோளே, ராத்திரி முழுக்கப் பலகாரம் சுட்டுத்தான் விடியும்," என்றார் மெதுவாக. "நெய்ச்சோறும் கறியும் போதும். பலகாரம் வேண்டாம். கேட்டா நான் சொல்லிக்கறேன்."

மறுநாள் எந்த முகம் சுளிக்குமோ என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறினேன். எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டு, சாயா குடித்துவிட்டுப் போனார்கள். பலகாரத்தை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மாமியார் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். அவர் முகத்தில் நிம்மதி இருக்கும் என்று நினைத்தேன். கோபம்தான் இருந்தது.

"இத்தனை வருஷம்," என்றார்.