புரட்டாசியில் கொரிய நூடுல்ஸ்

வெளிநாட்டிலிருந்து வரும் உணவுப் பொட்டலத்திலும் சைவமென்றால் பச்சைப் புள்ளி, அசைவமென்றால் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும் என்பது விதி. ராசிபுரம் தாண்டி டயர் மாற்ற எங்கள் பஸ் நிற்கிறது. எதிரே டீக்கடையில் பாக்குச் சரங்களுக்கு நடுவே தொங்கும் கொரிய நூடுல்ஸில் இரண்டு குறியும் இல்லை. இறக்குமதி செய்தவரின் சென்னை முகவரியும் மின்னஞ்சலும் மட்டும் ஓரத்தில் ஒட்டியிருக்கின்றன.

நான் பொட்டலத்தைத் திருப்பிப் படிப்பதைப் பார்த்துக் கடைக்கார அம்மா கேட்கிறார்.

"ஏனுங்க, அது சைவந்தானுங்களா? புரட்டாசி விரதத்துல இருக்கற மாமனாருக்கு முட்டைகூடப் போடாம ரெண்டு தரம் ஆக்கிக் குடுத்துட்டனுங்க."

"எழுதிக் கேட்டால் தெரிந்துவிடும்" என்கிறேன்.

பெஞ்சிலிருந்து மாமனார் குறுக்கிடுகிறார்.

"தெரியாமத் தின்னா பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு சாமி. தெரிஞ்சுபோச்சுன்னா நான் எப்படித் திங்கறதுங்க? மெதுவாவே விசாரிங்க."

"நாக்கு கேக்குது, பெருமாளை இழுக்கறாரு பாருங்க" என்கிறார் மருமகள்.

மெதுவாக விசாரிப்பதை முப்பது வருடம் அலுவலகத்தில் இருந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்னஞ்சலை விட்டுவிட்டுப் பதிவுத் தபாலில் கேட்கிறேன், ஒப்புகை அட்டையுடன். மீன் சாறு கலந்தது, அசைவம்தான் என்று பதில் வந்து சேர்ந்த நாள், புரட்டாசி முடிந்த மறுநாள், ஐப்பசி முதல் தேதி.