கடைசி ஸ்டேஷனில் இறங்கியவர்

அண்ணி அந்த மனிதரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தபோது, அவருடைய முந்தானை யாரோ ஒருவனின் செருப்புக்கடியில் மாட்டியிருந்தது. அதை இழுத்துக்கொள்ளக்கூட அவருக்குக் கை ஒழியவில்லை. ஒரு கை அந்த மனிதரின் தலைமேல் இருந்தது. இன்னொரு கை கூட்டத்துக்கு எதிரே விரிந்திருந்தது. மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வெளியே, டீக்கடைக்கும் ஆட்டோக்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவே, பட்டப்பகலில் நடந்தது அது. பெங்களூர் ரயிலைப் பிடிக்க அந்த வழியாக ஓடும் காலைகளில் இன்றும் என் கண் தானாக அங்கே போய்விடுகிறது.

எங்கள் ஊரோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதனால் எங்கோ ஏறி, எங்கே இறங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்தே வருகிறவர்கள் கடைசியில் இங்கேதான் இறங்குவார்கள். புத்தி கலங்கியவர்கள், வீட்டார் கைவிட்டவர்கள், சொந்த ஊரின் பெயரை மறந்தவர்கள். மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கக் கட்டடங்களின் சுவரோரம் படுத்துக்கொள்வார்கள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்து, ஜெபம் செய்துவிட்டு வரும். அண்ணிக்கு அது போதவில்லை. தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு மற்ற நாட்களிலும் போவார். வெந்நீர், சோப்பு, என் அண்ணனின் பழைய சட்டைகள், கொஞ்சம் தேங்காய் எண்ணெய். புண்ணைக் கழுவுவார், நகம் வெட்டுவார். வசனம் எதுவும் சொல்ல மாட்டார். ஏன் என்று போதகர் கேட்டபோது, "மொதல்ல அவங்க நிம்மதியா தூங்கட்டும் ஐயா" என்றாராம்.

அந்த மனிதர் வந்து இறங்கியது மாசி மாதக் கடைசியில். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எதற்கும் பதில் இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதை யாரும் தொட விடமாட்டார். அண்ணி கொடுத்த சட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார், உடுத்தவில்லை. அதே நாட்களில்தான் எல்லோருடைய போனிலும் அந்தச் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது: பிள்ளை பிடிக்கிறவர்கள் பைத்தியக்காரர் வேஷத்தில் வந்திருக்கிறார்கள், ஜாக்கிரதை. எந்த ஊரில் எடுத்ததென்றே தெரியாத ஒரு போட்டோவும் கூடவே வந்தது. ஐக்கியத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அண்ணனும் வேண்டாம் என்றுதான் சொன்னார். அண்ணி தண்ணீரைச் சுடவைத்தார்.

ஒரு சனிக்கிழமை, ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகளைக் காணவில்லை. ஐந்து வயதுப் பெண். வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவள், அம்மா துணி காயப்போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் இல்லை. சந்து சந்தாகத் தேடினார்கள். பிறகு யாரோ அந்த மனிதரைச் சொன்னார்கள். பையைப் பிடுங்கிக் கொட்டியபோது காலி டப்பாக்கள், கயிறு, என் அண்ணனின் சட்டை ஆகியவற்றோடு சின்னப் பெண் போடும் ரோஸ் நிறக் கவுன் ஒன்றும் விழுந்தது. அது தன் மகளுடையது இல்லை என்று அந்தத் தகப்பன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவரே அடுத்த நொடியில் அதை மறந்துவிட்டார்.

சத்தம் கேட்டு நானும் அண்ணியும் ஓடியபோது அந்த மனிதரின் வாயிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் நின்றவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். எங்கள் சபைப் பாடகர் குழுவில் பாடுகிற ஒருவர் கையில் சவுக்குக் கட்டை வைத்திருந்தார். நான் போலீசுக்குப் போன் போட்டேன். மூன்றாம் தடவைதான் லைன் கிடைத்தது. அதற்குள் அண்ணி உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட்டார்.

தகப்பன் அண்ணியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். அவர் கையில் ஆட்டோவின் டயர் கழற்றும் இரும்பு லீவர் இருந்தது.

"யக்கா, எழுந்திருங்க. இவன் தூக்கலன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்க ஏசு மேல சத்தியம் பண்ணுவீங்களா?"

அண்ணி அவரையே பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் கூட்டம் விலகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லிவிடுங்கள் அண்ணி என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"தெரியாதுப்பா," என்றார். "சத்தியம் பண்ண மாட்டேன். கொழந்தய தேடலாம் வா, நானும் வரேன். இவர அடிக்கணும்னா மொதல்ல என்ன அடி."

பின்னாலிருந்து வந்த கல் ஒன்று அண்ணியின் முழங்கையில் பட்டது. அவர் முனகினார், அசையவில்லை. லீவர் மேலே போனது. அது அண்ணி மேல் விழவும் இல்லை, கீழே தாழவும் இல்லை. அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாடகர் குழுக்காரர் கட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் நகர்ந்தார்கள். போலீஸ் ஜீப் வந்து சேர்ந்தபோது வட்டம் தளர்ந்திருந்தது, ஆனால் கலையவில்லை.

இருட்டுவதற்கு முன் குழந்தை கிடைத்துவிட்டது. தூரத்து அத்தை ஒருத்தி, அம்மாவிடம் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து, பக்கத்து ஊரான பேத்தமங்களாவில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப்போயிருந்தாள். அந்தக் கவுனை அந்த மனிதர் எங்கே பொறுக்கினார் என்பது கடைசிவரை தெரியவில்லை. போலீஸ் சேர்த்த ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஒரு காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அண்ணி போய்ப் பார்ப்பார். ஆண்கள் யார் அருகே போனாலும் அவர் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். அண்ணி ஊட்டினால் மட்டும் வாய் திறப்பார்.

அன்று எப்படித் துணிந்தீர்கள் என்று காப்பகத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஒருமுறை அண்ணியிடம் கேட்டேன்.

"துணிச்சல் இன்னா துணிச்சல். அந்தக் கவுன கீழ பாத்ததும் எனக்கும் சந்தேகம் வந்துச்சு. ஒருவேள இவருதான் தூக்கினாரோன்னு நெனச்சேன். நெனச்சுக்கினேதான் உக்காந்தேன்."

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஐக்கியம் ஸ்டேஷன் பக்கம் போவதை அடியோடு நிறுத்திவிட்டது. அண்ணியிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்களில் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அந்த ஆட்டோக்காரர் எங்கள் தெருவுக்குள் வருவதையே விட்டுவிட்டார்; தூரத்தில் அண்ணியைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொள்வார். கை வீக்கம் இறங்கிய பிறகு அண்ணி மட்டும் தனியாக ஸ்டேஷனுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அந்தத் தகப்பன்தான். கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்று பேசினார். ரயிலில் ஒரு பெண் வந்து இறங்கியிருக்கிறாராம், காலெல்லாம் புண்ணாம்.

"டீ குடுத்தேன் யக்கா. பயந்துகினு வாங்கல. நீங்க வந்தா வாங்குவாங்க."

அண்ணி மெஷினிலிருந்து துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பிளாஸ்க்கையும் சோப்பையும் கூடையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஆட்டோவின் பின் சீட்டில் பள்ளிச் சீருடையில் ஆட்டோக்காரரின் மகள் உட்கார்ந்திருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் புத்தகப்பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.