சட்டைக்குள் ஒரு காவிச் சிங்கம்

வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன் நண்பர்களே: இன்று சாணார்பட்டி பஸ்ஸில் என் சட்டைக்குள் ஒரு சிங்கம் இருந்தது.

இடுப்பைச் சுற்றி அக்கி. தம்பி வீட்டில் கொடுத்த கிட்னியை வைத்து நாலு மாதம்தான் ஆகிறது. கொப்புளம், காய்ச்சல் எது வந்தாலும் உடனே ஓடிவரச் சொல்லியிருந்தார் மெட்ராஸ் டாக்டர். நான் ஓடியது பானை செய்கிற வேளாரிடம். அவர் காவி மண்ணைக் குழைத்து, அக்கி மேல் சிங்கம் எழுதி அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டில் தம்பி பெண்டாட்டி. வேர்வையில் சிங்கம் சட்டைக்கு வெளியே வந்துவிட்டது.

“என்ன மாமா, அக்கியா? டாக்டர்ட்ட போகலையா?”

“ரெண்டு நாள் எரியும், ஆறிரும் ஆத்தா.”

“கிட்னியவும் சேத்துக் கொல்லத்தான் வாங்குனீகளா?”

“வேணும்னா திருப்பித் தாரேன்.”

“ஏணிய வாங்கிட்டுப் போயி மூணு வருசமாச்சு, அதையே தரல. கிட்னியத் தரப்போறீகளாக்கும்!”

பஸ்ஸே சிரித்தது. திண்டுக்கல்லில் என் சட்டையைப் பிடித்து இறக்கி, மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் போனாள். அதில் உட்கார்ந்துதான் இந்தக் கடிதம்.

சீக்காளியிடம் இப்படியா பேசுவது? நியாயத்தை நீங்களே எழுதிப் போடுங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. அந்தக் கிட்னி தம்பியுடையது இல்லை, அவளுடையது.