சிஸ்டரின் திரையில் இல்லாத தாள்

காலையில் வந்ததும் மற்றவர்கள் செய்தித்தாளைப் புரட்டுவதுபோல நான் சர்வரின் பதிவுகளைப் புரட்டுவேன். எந்த நிரல் எதைத் தொடப் பார்த்தது, எதற்கு அனுமதி மறுக்கப்பட்டது, எல்லாம் வரிவரியாக இருக்கும். எம்.சி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த எனக்கு அதைவிட ருசியான வாசிப்பு வேறு இல்லை.

சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப்பக்கம் பெருங்கடவிளையில், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் சின்னப் பாலியேட்டிவ் மையம் ஒன்று. பாறசாலையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் அங்கே போவேன், சம்பளமில்லாமல், ஆசைக்கு. யாரோ வேண்டாமென்று கொடுத்த கணினியில் லினக்ஸ் ஏற்றி, டாக்டரின் அறை, மருந்தறை, சிஸ்டரின் மேசை மூன்றிலிருந்தும் திறக்கும்படி ஒரு பொதுக் கோப்புறை வைத்திருந்தேன். டாக்டர் அதில் மருந்துத் தாள்களைப் போடுவார். காலை எட்டு மணிக்கு சிஸ்டர் அவற்றை அச்செடுத்துக்கொண்டு ஜீப்பில் கிளம்புவார்.

அந்த மையத்தில் ஒரு பழக்கம் உண்டு. மருந்தின் அளவு மாறினால் டாக்டர் பழைய தாளைத் திருத்தமாட்டார். தேதி போட்டுப் புதிய தாள் எழுதுவார். பழையதும் அங்கேயே கிடக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு எதிரே பட்டியலில் கடைசியாக எது இருக்கிறதோ அதுதான் அன்றைய தாள். சிஸ்டர் கடைசியை எடுப்பார், முந்தியதைப் பார்க்கவே மாட்டார்.

நான் சொல்லப்போகும் நாளுக்கு இரண்டு நாட்கள் முன்புதான் நான் அந்த சர்வரில் கட்டாய அணுகல் கட்டுப்பாட்டை இயக்கியிருந்தேன். சாதாரணமாக ஒரு கோப்பை யார் பார்க்கலாம் என்பதைக் கோப்புக்கு உரியவரே சொல்லிவிடலாம். இதில் அப்படி முடியாது. ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். கோப்புறையை மூன்று இடங்களுக்கும் பகிர்ந்துகொடுக்கும் நிரல், தனக்கென்று குறித்த லேபிள் உள்ள கோப்பை மட்டுமே தொடலாம். மற்றதைத் தொடப்போனால், உரிமையாளரே சிபாரிசு செய்தாலும் நடக்காது. எவருக்கு என்ன நோய் என்பது ஊருக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சே நின்றுபோகும். அதனால் இந்தக் காவல் வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். ஜீப் ஓட்டும் அண்ணன், கம்ப்யூட்டருக்கும் போலீசு வச்சாச்சா என்று கேலி செய்தார்.

காவலை இயக்கிய மறுநாள் மாலை, மீதமிருந்த லேபிள் வேலை முடியும்வரை பொதுக் கோப்புறையை மற்றவர்களுக்கு மூடிவைத்திருந்தேன். அதனால் டாக்டர் அன்றைய புதிய தாள்களை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினார், ஐந்து தாள்கள். சர்வரில் என் சொந்த இடத்தில் அவற்றை இறக்கி, பொதுக் கோப்புறைக்கு நகர்த்தினேன். சர்வரிலேயே பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன. கோப்புறையை மறுபடி திறந்துவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பதிவைத் திறந்தால் ஐந்து மறுப்புகள்.

முதலில் உற்சாகம்தான் வந்தது. காவல் வேலை செய்கிறது. பிறகு கோப்பின் பெயர்களைப் படித்தேன். நேற்று நான் நகர்த்திய அதே ஐந்து.

விஷயம் இதுதான். ஒரு கோப்பை நகலெடுத்து வைத்தால், நகல் போய்ச்சேர்ந்த இடத்தின் லேபிளை வாங்கிக்கொள்ளும். நகர்த்தினால், புறப்பட்ட இடத்தின் லேபிளோடேயே வந்து சேரும். என் சொந்த இடத்து லேபிளோடு அந்த ஐந்தும் பொதுக் கோப்புறையில் உட்கார்ந்திருந்தன. பகிரும் நிரலால் அவற்றைத் தொட முடியாது. தொட முடியாததை அது பட்டியலிலும் காட்டாது. என் திரையில் ஐந்தும் தெரிந்தன. சிஸ்டரின் திரையில் ஒன்றுகூட இல்லை. அவர் கடைசியில் இருந்ததை எடுத்திருப்பார், அதாவது பழைய தாளை.

ஐந்தையும் திறந்து பார்த்தேன். நான்கில் பயமில்லை. புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, கஞ்சியில் உப்பைக் குறைப்பது. ஐந்தாவது பொழியூரில் ஒரு வயதான மீனவருடையது. வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின், நேற்றுவரை இருந்ததில் பாதி. கீழே டாக்டர் எழுதியிருந்தார்: சிறுநீரகம் சரியில்லை, மயக்கம் கூடுகிறது, நாளை காலை முதல் பாதிதான்.

சிஸ்டர் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சிஸ்டரை அழைத்தேன். எல்லைக் கடற்கரையில் அவர் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துவிட்டது போலும்; தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சுத்தத் தமிழில் சொன்னாள். ஜீப் அண்ணனை அழைத்தேன். பக்கத்து அறையில் மணி அடித்தது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறார். டாக்டர் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூட்டத்துக்கு நடுவே இருந்தார், எடுக்கவில்லை. புதிய தாளை அச்செடுத்து மடியில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

நெய்யாற்றின்கரை தாண்டும்வரை சிந்தனையே இல்லை. அதற்குப் பிறகுதான் பயம் பேச ஆரம்பித்தது. திருப்புறத்தில் அவர்கள் முதலில் பார்க்கும் வீட்டு வாசலில் ஜீப் இல்லை. அந்த வீட்டுப் பெண் துணி காயப்போட்டபடியே, அரைமணி நேரமாயிற்று போய் என்றாள். அரைமணி போதும், பொழியூர் சேர. வழியில் ஒரு பேருந்து எனக்கு முன்னால் நின்று நின்று ஆளேற்றியது. அதை முந்த முடியாமல், ஹாரன் அடிக்கவும் தோன்றாமல், அதன் பின்னாலேயே போனேன்.

அந்த வீடு கடலுக்கு மிகப் பக்கம். முன்வரிசையில் இருந்த வீடுகளை அலை எடுத்துவிட்டதால் இப்போது அதுதான் முன்வரிசை. ஜீப் நின்றிருந்தது. சிஸ்டர் பையை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

“எதுக்கு மக்கா இப்பிடி விழுந்தடிச்சு வாறே? கம்ப்யூட்டர் செத்துப்போச்சா?”

“மருந்து குடுத்தாச்சா சிஸ்டர்?”

“குடுத்தாச்சு. பத்து மினிட்டு இருக்கும்.”

தாளை நீட்டினேன். அவர் அதைப் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். கேலி முகத்தைவிட்டுப் போனது.

“இது காலையில நான் பாக்கயில இல்ல.”

“உண்டு சிஸ்டர். உங்களுக்குத் தெரியாத மாதிரி நான்தான் வச்சுப்போட்டேன்.”

அவர் போனை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். கரையில் போட்டிருந்த பாறைகளின் மேல் ஏறி நின்று, சிக்னல் கிடைத்ததும் டாக்டரை மறுபடி மறுபடி அழைத்தார். நான்காவது தடவை கிடைத்தார். நோயாளி பக்கத்திலேயே இருங்கள், மருந்து கூடினால் மூச்சு அடங்கும், அதனால் மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போனால் ஒரு நொடி காத்திராமல் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்றாராம்.

பாறையிலிருந்து இறங்கியதும் சிஸ்டர் நேராக நோயாளியின் மகளிடம் போனார். மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது, அவருக்குத் தோன்றவில்லை.

“மோளே, மருந்து கூடிப்போச்சு. இன்னைக்குப் பாதிதான் குடுக்க வேண்டியது. எங்க தப்பாக்கும். அப்பன் கண்ணு முழிக்கது வரை நாங்க இஞ்சயிருந்து போவமாட்டோம்.”

மகள் சிஸ்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். “படிச்ச பிள்ளதானே நீ,” என்றாள். அவ்வளவுதான். கட்டிலின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சிஸ்டர் பெரியவரின் நாடியைப் பிடித்துக்கொண்டார். எண்ணுவது என் வேலை. போனில் நொடி ஓடவிட்டு, கிழிந்த பனியனுக்குள் பெரியவரின் நெஞ்சு எழுவதைப் பார்த்தேன். பதிமூன்று. பத்து நிமிடம் கழித்துப் பன்னிரண்டு. பிறகு பதினொன்று. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே அலை ஒன்று வந்து பாறையில் மோதிப் போனது. அந்த இடைவெளியில் நான் எத்தனையோ யோசித்தேன். வீட்டுக்கு எப்படிச் சொல்வேன், போலீஸ் வருமா, இந்தப் பெண் என் முகத்தை எத்தனை காலம் ஞாபகம் வைத்திருப்பாள்.

ஒரே கட்டளையில் அந்தக் காவலை அணைத்துவிடலாம். இணையத்தில் கேட்டால் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள்: தொல்லை, அணைத்துவிடு. அணைத்திருந்தால் இது நடந்திருக்காது என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும். காவல் தவறு செய்யவில்லை, சொன்னதைச் செய்தது. என் திரையில் தெரிந்ததும் போதும் என்று வீட்டுக்குப் போனது நான். சிஸ்டரின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும். எழுந்து அடுத்த அறைக்குப் போக வேண்டும், அவ்வளவு தூரம்தான்.

ஒன்பது.

நான் சொன்னதும் சிஸ்டர் நிமிர்ந்தார். ஜீப்பைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். மறுபடி எண்ணினேன். ஒன்பது. சிஸ்டர் பெரியவரின் தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இமை அசைந்தது, திறக்கவில்லை. மகள் வாய்க்குள் ஜெபித்தாள். வாசலில் நின்ற ஜீப் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்:

“மக்கா, நீயும் மூச்சு விடு. அவரு விட்டுட்டுத்தான் இருக்காரு.”

அப்போதுதான் தெரிந்தது, நான் அவருடைய மூச்சுக்குக் காத்து என்னுடையதை அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதிலேயே ஒரு மணி நேரம் நின்றது. பிறகு பத்து. பன்னிரண்டைத் தொட்டபோதும் நான் நம்பவில்லை, இன்னொரு தடவை எண்ணினேன். மதியம் இரண்டு மணி தாண்டி பெரியவர் கண்ணைத் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு என்னை.

“இது ஆரு? எதுக்கு என் நெஞ்சையே பாத்துட்டு இருக்கா?”

மகள் சிரிக்கத் தொடங்கி, அப்படியே அழுதாள். அவருக்குக் கஞ்சித்தண்ணீர் எடுக்க எழுந்தவள், என்னைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் மன்னித்தாள் என்று எழுத எனக்கு உரிமையில்லை.

சிஸ்டர் மருந்து ஊற்றும் சிரிஞ்சில் அளவைக் குறிக்க ஒட்டியிருந்த பழைய நாடாவைப் பிய்த்து, பாதி அளவில் புதியதை ஒட்டினார். அடுத்த வேளை மருந்தைக் கொடுக்கப்போகும் மகளை, இரண்டு தடவை தண்ணீரை அளக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பையை எடுத்தார்.

பெருங்கடவிளைக்கு வந்ததும் நான் அந்த ஐந்து கோப்புகளின் லேபிளையும் கோப்புறைக்குரியதாக மாற்றினேன். ஒரு வரிக் கட்டளை, அரை நொடி. பிறகு, காவலை அணைத்துவிடட்டுமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு யோசித்தார்.

“அணைக்காண்டாம். ஆனா நாளையிலயிருந்து நீ என் நாற்காலியில இருந்து பாரு. எல்லாம் உண்டுன்னு உன் வாயால சொல்லு. அதுக்குப் பொறவே நான் ஜீப்புல ஏறுவேன்.”

மறுநாள் ஏழரைக்கே போனேன். டாக்டரிடம் அன்றைய நோயாளிகளின் எண்களையும் மருந்தளவுகளையும் தாளில் எழுதி வாங்கியிருந்தேன். சிஸ்டரின் நாற்காலி எனக்கு உயரம் கூடுதல், கால் தரையில் படவில்லை. வெளியே ஜீப் இரைந்துகொண்டு நின்றது. பட்டியலில் ஒவ்வொரு எண்ணின் கடைசித் தாளையும் திறந்து, தேதியைப் பார்த்து, அளவைப் பார்த்து, கையிலிருந்த தாளோடு ஒப்பிட்டேன். எல்லாம் இருந்தன. ‘எல்லாம் உண்டு’ என்று வாயால் சொல்ல வேண்டியதுதான் மிச்சம். பொழியூர்த் தாளை மூன்றாவது தடவையாகத் திறந்தேன். வாசலில் சிஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவசரப்படுத்தாமல் நின்றுகொண்டிருந்தார்.