கீல் உள்ள படகு

படகு தேர்ந்தெடுப்பதில் கண்டியில் அப்போது எனக்கு நிகராக யாரும் இல்லை என்று சொன்னால் தற்பெருமை என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். கண்டியில் அப்போது பாய்ப்படகு வைத்திருந்தவர்களே பத்துப் பேர்தான். அவர்களில் முதலாவதாக நிற்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவன். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்தவன் என்பதால் கடலைத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம். சனிக்கிழமை கந்தோர் மூடியதும் சாப்பிட்டேனோ இல்லையோ, வாவிக்கரையில் இருந்த எங்கள் படகுச் சங்கத்துக்குப் போய்விடுவேன்.

அந்த வாவியின் காற்றைப் போல ஒழுங்கில்லாத காற்றை நான் எங்கும் கண்டதில்லை. ஹந்தானை மலைப் பக்கத்திலிருந்து ஒரு வீச்சு வரும். பிறகு பாய் துணிக்கொடியில் காயப்போட்ட சேலை மாதிரித் தொங்கும். நாம் சலித்துப்போய்க் காலை நீட்டும் நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் அறை விழும். இதில் போட்டி ஓடுவதற்குக் கெட்டித்தனத்தோடு நல்ல கூட்டாளியும் வேண்டும். எனக்கு அப்படி ஒருவர் இருந்தார்.

அவருக்குக் கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் இரும்புக்கடை. முஸ்லிம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கரையோரத்து மரங்களின் இலையைப் பார்த்தே, "தம்பி, வருது, பாயத் தளத்துங்க" என்பார். சொன்ன கணத்தில் காற்று வந்து சேரும். இரண்டு வருடம் அவரோடு ஓடி வென்ற கிண்ணங்கள் இன்னும் என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. அந்தப் படகு சங்கத்துடையது, இலேசானது. திரும்பும்போதெல்லாம் இரண்டு பேரும் மறுபக்கம் தாவி உட்கார்ந்து உடம்புப் பாரத்தால் அதை நிமிர்த்த வேண்டும். அப்போதெல்லாம் அது எங்களுக்கு விளையாட்டாக இருந்தது.

பிறகு ஒரு நாள் லொறியிலிருந்து இரும்புக் கட்டு சரிந்து அவருடைய வலது முழங்காலில் விழுந்தது. கால் பிழைத்தது, ஆனால் மடங்காது. அந்தக் காலோடும் படகில் ஏறினார். ஏறிய மூன்றாவது சனிக்கிழமை, அவர் தாவ முடியாமல் அரைவழியில் நின்றபோது காற்று அறைந்தது. கவிழ்ந்தோம். கயிறு சிக்கி நான் மேலே வர நேரமாகிவிட்டது. பக்கத்துப் படகுக்காரர்கள் எங்கள் இருவரையும் இழுத்துப் போட்டார்கள்.

அன்றிலிருந்து அவர் ஏறவில்லை. ஆனால் வராமலும் இருக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊன்றுகோலோடு வந்து கரையில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "நீங்க போங்க தம்பி, நான் பாத்துக்கொண்டு ஈக்கிறன்" என்பார். தண்ணீருக்குப் பயந்துவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். வேறு ஆட்களோடு ஓடிப் பார்த்தேன். ஒருவன் வாய் மூடவில்லை, மற்றவன் கண் திறக்கவில்லை. எனக்கு நானாதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. அவரை மறுபடி படகில் ஏற்றாவிட்டால் நானும் இந்த விளையாட்டை விட்டுவிடுவது என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டேன்.

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. கவிழாத படகு. சங்கத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில் 'கீல்' என்று சொல்வார்கள். படகின் அடியில், நடு நீளத்தில், தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பாரமான இரும்பு. அது இருந்தால் யாரும் தாவ வேண்டியதில்லை. காற்று சரித்தால் இரும்பு நிமிர்த்தும். மடங்காத காலை நீட்டிக்கொண்டு ஒருவர் நிம்மதியாக ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கலாம். நான் படம் வரைபவன் அல்லவா, இரண்டு கிழமை இதையே வரைந்தேன். பதினெட்டு அடிக்கு மேல் போனால் இரண்டு பேரால் ஆளமுடியாது. கீல் மூன்றடிக்கு மேல் இறங்கினால் கரைச் சேற்றில் குத்தும். இரண்டு பாய் போதும். மூன்றாவது பாய் வைத்திருப்பவர்கள் அதைத் தைப்பதில்தான் சனிக்கிழமையைக் கழிப்பார்கள். மினுக்கெண்ணெய் பூசிய மரம் வேண்டவே வேண்டாம். கண்டி மழைக்கு அது மூன்று மாதம் தாங்காது, பிறகு படகு நமக்கு அல்ல, நாம் படகுக்கு ஊழியம் செய்ய வேண்டியதுதான். கெட்டியாக வர்ணம் அடித்த தேக்கு, மேலே மூட ஒரு கான்வஸ், அவ்வளவுதான். இன்றைக்கும் யாராவது கேட்டால் இதையேதான் சொல்லுவேன், ஒரு சொல் மாற்றமாட்டேன்.

ஒரு சொல்லை அன்றைக்கு மாற்றியிருக்க வேண்டும்.

என் மாமன் மகன் திருகோணமலைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தான். அங்கே பழைய படகு விற்கும் பட்டறை ஒன்று உண்டு. எனக்கு லீவு கிடைக்காததால் அவனுக்குக் கடிதம் எழுதினேன். நீளம், மரம், பாய் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் கீழே கோடிட்டு எழுதினேன்: "மச்சான், மற்றது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. கீல் மட்டும் நல்லதாக இருக்க வேண்டும். கீல் இல்லாத படகு எனக்கு வேண்டாம். கையால் தொட்டுப் பார்."

பத்து நாளில் பதில் வந்தது. "மச்சான், நீ சொன்னபடி தொட்டுப் பார்த்தேன். கீல் அடி முழுவதும் இருக்கிறது. விரல் தடிப்பு. நெடுநாள் தண்ணீரில் கிடந்தும் ஓரிடத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படிக் கீல் இந்தத் துறைமுகத்திலேயே வேறு படகுக்கு இல்லை என்று பட்டறைக்காரன் சத்தியம் செய்கிறான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடி முழுவதும், விரல் தடிப்பில் இரும்புத் தகடு! உடனே அனுப்பச் சொல்லித் தந்தி அடித்தேன். நானாவுக்குப் படம் வரைந்து காட்டினேன். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். "இது விழாதா தம்பி?" என்றார். "விழாது. விழுத்தினாலும் எழும்பும்" என்றேன். "அப்ப நான் வாரன்" என்றார். கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் மறுபடி படகு ஓடப்போவதாகச் சொன்னாராம்.

படகு புகையிரதத்தில் திறந்த பெட்டியொன்றில் வந்தது. கண்டி ஸ்டேஷனில் நானும் நானாவும் காத்திருந்தோம். போர்ட்டர்கள் கான்வஸை அகற்றிப் படகை ஒருபக்கமாகச் சரித்தார்கள். அடியைப் பார்த்தேன். ரொட்டி தட்டும் பலகை மாதிரித் தட்டையாக இருந்தது. இரும்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கன்னங்கரேல் என்று மினுங்கியது.

நானா ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டுக் குனிந்தார். நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"கீல்தான் தம்பி" என்றார்.

"எங்க?"

"இந்தா, இதுதான். நல்ல கீல். என்ட கடையில டின்ல விக்கிற சாமான் இதுக்குக் கிட்டவும் வராது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படகுப் பலகைகளின் இடுக்கில் தண்ணீர் புகாமல் காய்ச்சிப் பூசும் தாருக்குத் தமிழில் கீல் என்று பெயர். என் கையாலேயே சின்ன வயதில் பூசியிருக்கிறேன். நான் கேட்ட அந்த இரும்புக்கு எங்கள் கரையில் ஏரா என்பார்கள். ஏரா என்று எழுதியிருந்தால் மச்சான் ஏராவைத் தொட்டுப் பார்த்திருப்பான். சங்கத்தில் ஆங்கிலம் பேசிப் பேசி, என் வாயில் கிடந்த சொல்லை நானே தொலைத்திருந்தேன். முதலில் மச்சான்மேல் கோபம் வந்தது, பிறகு பட்டறைக்காரன்மேல், கடைசியில் ஒரு காரணமும் இல்லாமல் போர்ட்டர்மேல் எரிந்து விழுந்தேன். நானா பெட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல தம்பி. இதுலயே போவோம். நான் வாரன்" என்றார்.

குரலில் முன்பிருந்த துள்ளல் இல்லை. ஊன்றுகோலை இரண்டு கையாலும் இறுக்கியிருந்தார். என் வெட்கத்தை மறைப்பதற்காகவே அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம் சரியென்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும், "இல்லை நானா. ஏரா வைக்காமல் உங்களை ஏற விடமாட்டன்" என்றேன்.

ஏராவைச் செய்தது ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்தும் பிட்டர். நானாவின் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். பழைய கொதிகலன் தகடொன்று அங்கே துருப்பிடித்துக் கிடந்தது. தோட்டத்துத் துரை அதைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். நான் என் படத்தோடு மலையேறிப் போனபோது பிட்டர் தகட்டை வெட்டியே வைத்திருந்தார். "வாங்கய்யா, இது போதுமான்னு பாருங்க" என்றார். கீழ் விளிம்பின் இரண்டு பக்கமும் உடைந்த இயந்திர வார்ப்பிரும்பைச் சேர்த்து முடுக்கச் சொன்னேன். மொத்தம் மூன்று அந்தர், முந்நூறு இறாத்தலுக்கு மேல் வந்தது. அவர் தலையைச் சொறிந்தார்.

"ஓடற படகுக்கு எதுக்குங்க இவ்வளவு பாரம்?"

"சரிஞ்சால் நிமிரத்தான்."

"அப்படீங்களா? அப்ப எங்க வீட்டு ஆளுக்கும் ஒண்ணு செஞ்சிரலாம். சம்பள நாள்ல ஒதவும்" என்றார் பிட்டருக்குக் கூடமாட உதவிய கொழுந்து நிறுக்கும் அம்மா. பிட்டரின் மனைவி அவர்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வாவிக்கரை மரமொன்றில் சங்கிலிக் கப்பியைக் கட்டிப் படகைத் தூக்கி, உள்ளே ஒரு கருங்காலிச் சட்டம் வைத்து, தகட்டை மேலிருந்து கீழாகப் போல்ட் போட்டு இறுக்கினோம். போல்ட் துளைகளில் தண்ணீர் கசியாமல் இருக்க நானா தன் கடையிலிருந்து ஒரு டின் கொண்டுவந்தார். ஆக, கீலுக்குக் கீல் பூசினோம். அடுத்த ஆறு வருடமும் அந்தப் படகுக்கு வருடத்தில் ஒரு தடவை அடி சுரண்டியதைத் தவிர நான் ஒரு வேலையும் செய்யவில்லை.

முதல் சனிக்கிழமை, மற்றவர்கள் வருமுன்பே படகை இறக்கிப் பாய்மர உச்சியில் கயிறு கட்டினேன். கரையில் நின்று நானும் பிட்டரும் இழுத்தோம். படகு சரிந்தது. விளிம்பு தண்ணீரைத் தொட்டது. கயிற்றை விட்டோம். சட்டென்று நிமிர்ந்து நின்றது. மறுபக்கமும் இழுத்துக் காட்டினேன். பெருமையோடு நானாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பிட்டர் கயிற்றை அவிழ்க்கப் போனதும் ஊன்றுகோலை ஊன்றி என் அருகே வந்தார்.

"தம்பி, ஒண்டு சொல்லணும். அண்டைக்கு விழுந்தமே. நீங்க மேல வரக் கனநேரம் ஆச்சி. கயிறு சிக்கினதெண்டு எல்லாருக்கும் சொன்னீங்க."

"ஓம். கயிறுதானே."

"கயிறில்ல. நான். ஒங்கட தோள்ல ஏறி நிண்டேன். எனக்கு மூச்சு வந்திச்சி. கீழ நீங்க ஈக்கிறீங்க எண்டு தெரியும். தெரிஞ்சும் எறங்கல்ல." ஊன்றுகோலின் நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தண்ணிக்குப் பயந்து நான் ஏறாம ஈக்கல்ல தம்பி. இன்னொருக்கா விழுந்தா இன்னொருக்கா அதையேதான் செய்வன். அதுக்குத்தான் பயம்."

ஒரு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மனிதர் கரையில் உட்கார்ந்திருந்தது என்னைக் காப்பாற்ற என்று, எல்லாம் தெரிந்தவனான எனக்குத் தோன்றவே இல்லை. பாய்க் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஏறுங்கோ நானா, காற்று வரப்போகுது" என்றேன்.

ஏறினார். காலை நீட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நடு வாவியில் ஹந்தானைக் காற்று வழக்கம்போல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அறைந்தது. படகு ஒருபக்கம் சாய்ந்தது. அவர் கை என் தோள்வரை வந்து, அங்கேயே நின்று, திரும்பிப்போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டார். அடியிலே இரும்பு மெதுவாக இழுத்தது. படகு நிமிர்ந்தது. நன்றாக நிமிர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, அந்தக் கையை எடுத்து என் தோளில் வைத்தார். கரை சேரும்வரை எடுக்கவில்லை.