கன்னையன் மச்சான் நிமிர்ந்து நின்ற இடம்

என் அக்கா தேவியின் புருஷன் கன்னையன் மச்சானை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அப்புறம். நான் போடியிலிருந்து போடிமெட்டு மலைப்பாதை வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்காரன். என் வண்டியில் ஏறி இறங்கியே அவருக்குத் தலை நரைத்தது. முதுகில் மருந்து பம்பைச் சுமந்துகொண்டு, கால் ஊன்றவே இடமில்லாத சரிவில் ஏலச்செடிகளுக்கு மருந்தடிக்கிற வேலை. போன மழைக்காலத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தேனியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இனி பம்பைத் தூக்கினீங்கன்னா நடை போயிரும், பாத்துக்கங்க" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டார்.

பம்பை விட்டால் அவருக்குத் தோட்டத்தில் வேறு சோலி கிடையாது. முதலாளி பாண்டித்துரை நல்ல மனுஷர், அதைச் சொல்லியாக வேண்டும். மேலே ரிசார்ட்டு கட்டி கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார். "அங்க வந்து பந்து பொறுக்கிப் போடுங்க. அதுக்கு மெஷின் வர்ற வரைக்கும் ஓடட்டும்" என்றார். ஒருநாள் அங்கே ஆட்டம் சொல்லித்தரும் மனோஜ், விளையாட்டாக மட்டையை மச்சான் கையில் கொடுத்திருக்கிறார். அடித்த அடியில் பந்து மறுகோடிக்குப் போய் விழுந்ததாம்.

மனோஜ் கேரளத்துக்காரர். "சேட்டா, எனக்கு ஒரு உதவியாள் வேணும். எப்படி நிக்கணும்னு வர்றவங்களுக்கு நின்னு காட்டணும். முதலாளி முன்னாடி ஒருதரம் சரியா நின்னு அடிச்சுட்டா வேலை நிரந்தரம்" என்றார்.

நிற்பதில்தான் வந்தது வினை. சரிவிலேயே பழகின உடம்பு. ஒரு முட்டி எப்போதும் மடங்கியே இருக்கும். முதுகு கூனும், தாடை நெஞ்சில் ஒட்டும். மனோஜ் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார்: "முதுக வளைக்காதீங்க, இடுப்புல மடங்குங்க. ரெண்டு முட்டியையும் லேசா இளக்குங்க. கை தோள்ல இருந்து சும்மா தொங்கட்டும். முக்கியமா தாடையத் தூக்குங்க சேட்டா. தோள் அதுக்கு அடியில திரும்பிப் போகணும்."

சாயங்காலம் வீட்டு மொட்டைமாடியில் மறுபடியும் அதே பாடம். அக்கா ஒட்டடைக் கம்பை அவர் முதுகோடு வைத்துப் பிடிப்பாள். பின்னந்தலை, முதுகு, அடி இடுப்பு மூன்றும் கம்பில் ஒட்ட வேண்டும்.

"ஒட்டுச்சாடி?"

"தல ஒட்டல. கல்யாணத்தன்னிக்கே குனிஞ்சு நின்ன ஆளு, இப்ப நிமிரச் சொன்னா நிமிர்ந்துருவீகளாக்கும்!"

சிரித்துச் சிரித்தே பழகினார். கொஞ்ச நாளில் தலையும் ஒட்டியது. "இப்பிடி நின்னா இடுப்பு வலிகூடத் தெரியல மாப்ளே" என்றார் என்னிடம். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த நாளும் வந்தது. நான் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு வேலிப்பக்கம் நின்றேன். மச்சான் பந்துக்கு முன்னால் போய் நின்றார். அடேயப்பா! முதுகு நேர், தாடை மேலே, கைகள் இளகித் தொங்கின. மனோஜ் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

அப்போதுதான் முதலாளி பின்னாலிருந்து நடந்து வந்தார். செருப்புச் சத்தம் கேட்டதுதான் தாமதம், மச்சானின் ஒரு கால் தானாகப் பின்னால் இறங்கியது. முட்டி மடங்கி, தாடை நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. எங்கள் தோட்டங்களில் ஒற்றையடிப் பாதைதான். முதலாளி எதிரே வந்தால் பள்ளத்துப் பக்கம் இறங்கி, குனிந்து, வழிவிட்டு நிற்போம். இப்போது யாரும் அப்படி நிற்கச் சொல்வதில்லை. ஆனாலும் நிற்கிறோம். அந்த மைதானத்தில் பள்ளமும் இல்லை, பாதையும் இல்லை. மட்டை புல்லைப் பெயர்த்தது. பந்து அசையவில்லை.

"பதட்டப்படாதீங்க, மறுபடி அடிங்க" என்று முதலாளி இன்னும் கிட்டே வந்தார். இரண்டாவது முன்னதைவிட மோசம். பிறகு அவரே மச்சானின் தோளில் கை வைத்தார். "நிமிருங்க கன்னையன். இங்க நீங்கதான் வாத்தியாரு."

"சரிங்கய்யா" என்றார் மச்சான். அதைச் சொல்லும்போதும் குனிந்துதான் சொன்னார்.

வேலை வேறொருவருக்குப் போனது. இறங்கும் வழியில் போடிமெட்டில் டீக்கு நிறுத்தினேன். கிளாசை வாங்கிக்கொண்டு திரும்பினால், மச்சான் ஜீப்பிலிருந்த ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கிறார். முதுகு, முட்டி, தாடை, எல்லாம் அச்சு அசல் மனோஜ் சொன்னபடி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் மச்சான், இந்த நிப்ப அங்க நின்னு தொலைச்சிருக்கக் கூடாதா?"

"அங்க அவரு நின்னாருல்ல மாப்ளே."

கம்பியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். டீ ஆறிப்போனது.

அதற்குள் பந்து பொறுக்கும் மெஷினும் வந்துவிட்டது. அடுத்த வாரம் விடியலில் மச்சான் பழையபடி என் ஜீப்பில் ஏறினார். அக்கா சோற்றுத் தூக்கை நீட்டினாள். தோட்டத்து மேட்டில் ஆட்களை இறக்கினேன். மச்சான் மட்டும் போகாமல் பம்பின் பக்கத்தில் நின்றார்.

"தனியாத் தூக்க முடியல. ஒரு கை பிடிச்சு மாட்டிவிடு மாப்ளே."

தூக்கினேன். அவர் நேராக நின்றதால் பம்பின் வார் தோளுக்கு எட்டவில்லை.

"கொஞ்சம் குனிங்க மச்சான்" என்றேன்.

குனிந்தார்.