எனிட்டுக்கு முடிவு தெரிய வேண்டும்

இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில் பேருந்து ஓட்டிய ஆல்பின் தோர்ப் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். விக்டோரியா ராணி காலத்துப் படப் பத்திரிகைகளைச் சேர்ப்பவர். முன்னறை முழுக்கக் கட்டுக் கட்டாக அடுக்கியிருப்பார். போர்க்களம், கப்பல் விபத்து, பலூன் என்று மரத்தில் செதுக்கி அச்சடித்த படங்கள்.

அவர் மனைவி எனிட்டுக்கு அது எரிச்சல். "செத்தவங்க படிச்சுப் போட்ட குப்பைக்கு நாம காவல் இருக்கோம்" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் பனியில் வழுக்கி விழுந்து எனிட்டுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தே கிடந்து சலித்துப்போய், "எதையாவது படிச்சுக் காட்டேன்" என்றார். ஆல்பின் ஒரு தொடர்கதையை எடுத்தார். அப்பாவைக் கொன்றவனைத் தேடிக் கடல் தாண்டிப் போகும் பெண்ணின் கதை. தினம் ஓர் இதழ்.

"அந்த வக்கீலை நம்பாதன்னு சொல்லு அவகிட்ட!" எனிட்டின் குரல் என் வீடு வரை கேட்கும்.

இருபத்துமூன்றாம் இதழோடு ஆல்பின் நிறுத்தினார்.

"மீதி எங்க?"

"கடைசி மூணு இதழ் எங்கிட்ட இல்ல எனிட்."

"முப்பது வருஷமாச் சேர்த்தியே, முடிவை மட்டும் விட்டுட்டியா?"

பல ஊர்க் கடைகளுக்குக் கடிதம் போட்டார். அங்கெல்லாம் படங்களைக் கத்தரித்துச் சட்டம் போட்டு விற்றுவிட்டு, மிச்சத்தை எறிந்திருந்தார்கள். முழுத் தொகுதி லீட்ஸிலிருந்த லெனார்ட் ஹோப்வுட்டிடம் மட்டுமே இருந்தது. ஆனால் பத்து வருஷத்துக்கு முன் ஓர் ஏலத்தில், அவரும் அப்படிக் கத்தரிப்பவர் என்று யாரோ சொன்னதை நம்பி, எல்லோர் முன்னிலும் ஆல்பின் அவரைத் திட்டியிருந்தார். அதன்பின் பேச்சில்லை.

ஆல்பின் போய்க் கதவைத் தட்டினார்.

"என்னய்யா, என் கத்தரிக்கோலைப் பார்க்க வந்தியா?" என்றார் ஹோப்வுட்.

"தப்பு எம்மேலதான். எனிட்டுக்கு முடிவு தெரியணும்."

ஹோப்வுட் யாருக்கும் இரவல் தருவதில்லை. தொகுதியைத் துணியில் சுற்றிக்கொண்டு தானே வந்தார். கட்டிலருகே நானும் உட்கார்ந்தேன். ஹோப்வுட்டே படித்தார்; அவருடைய கரகரத்த குரலில் கொலைகாரன் பேசியபோது எனக்குச் சிலிர்த்தது. கடைசியில் அந்தப் பெண் அவனை மன்னித்துவிட்டு, ஒரு பாதிரியாரைக் கட்டிக்கொண்டாள்.

எனிட் கேட்டார்: "இதுக்கா இவ்வளவு தூரம் போனா?"

"எனக்கும் அதே கோபம்தான் மிஸஸ் தோர்ப்" என்றார் ஹோப்வுட். "இத்தனை வருஷமாச் சொல்லி ஆத்திக்க ஆள் இல்ல."

எனிட் எழுந்து நடமாடிய பிறகும் அவர் வியாழன்தோறும் வேறு தொடரோடு வந்தார். ஏழு வருஷம் கழித்து ஆல்பின் இறந்தார். இனி ஹோப்வுட் எதற்கு வரப்போகிறார் என்று எனிட் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அவர் வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.